வெள்ளியும் காசும்: தசமம் நம் வீட்டுக்கு வந்த வரலாறு



ஆரம்பப் பள்ளி மாணவன் ஒருவனிடம் "3.5 பெரியதா, 3.12 பெரியதா?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் பாதிப் பேராவது 3.12 என்றுதான் சொல்வார்கள். காரணம் கேட்டால், "12 பெருசுதானே சார்!" என்பார்கள். அதே மாணவனிடம் "மூணு வெள்ளி அம்பது காசு வேணுமா, மூணு வெள்ளி பன்னெண்டு காசு வேணுமா?" என்று கேளுங்கள். ஒரு நொடிகூட யோசிக்காமல் ஐம்பது காசைத்தான் கேட்பான். கணக்குப் புத்தகத்தில் தடுமாறுகிறவன் கடையில் தடுமாறுவதில்லை.

இது ஏன்? நம் நாட்டு வரலாற்றில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. தசமம் முதலில் பணமாகத்தான் நம் வாழ்வுக்குள் வந்தது. எடையும் அளவையும் தசமத்துக்கு மாற ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கூடுதலாக ஆயின. நம் பேச்சோ இன்னும் 'கால், அரை, முக்கால்' என்றுதான் ஓடுகிறது. பணம் ஒரு வழி, எடை ஒரு வழி, பேச்சு ஒரு வழி. இந்த மூன்றும் எப்படி ஒன்றுசேர்ந்தன, சேரும்போது யார் கையில் எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்பதுதான் இக்கட்டுரை.

1. புள்ளி இல்லாத காலம்: தமிழரின் பின்னக் கணக்கு

தசமப் புள்ளி வருவதற்கு முன்பே தமிழர்களிடம் முழுமையான பின்னக் கணக்கு இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். அதில் ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிப் பெயரும் தனிக் குறியீடும் இருந்தன. முக்கியமானவற்றை இன்றைய தசமத்தோடு சேர்த்துப் பார்ப்போம்:

முக்கால் = 3/4 = 0.75
அரை = 1/2 = 0.5
கால் = 1/4 = 0.25
நாலுமா = 1/5 = 0.2
மும்மா = 3/20 = 0.15
அரைக்கால் = 1/8 = 0.125
இருமா = 1/10 = 0.1
மாகாணி அல்லது வீசம் = 1/16 = 0.0625
மா = 1/20 = 0.05
அரைமா = 1/40 = 0.025
காணி = 1/80 = 0.0125
அரைக்காணி = 1/160 = 0.00625
முந்திரி = 1/320 = 0.003125

இந்தப் பட்டியலில் இரண்டு வரிசைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, பாதி பாதியாகப் பிரிப்பது: அரை, கால், அரைக்கால், வீசம். கையால் பொருளைப் பங்கிடுவதற்கு இது சுலபம். வெல்லத்தை இரண்டாக உடை, மறுபடியும் இரண்டாக உடை, அவ்வளவுதான். இன்னொன்று, இருபதில் ஒரு பங்கான 'மா'வை அடிப்படையாகக் கொண்டது. இரண்டு வரிசைகளும் சந்திக்கும் இடம்தான் 'மாகாணி'. மாவும் காணியும் சேர்ந்தால் 1/20 + 1/80 = 5/80 = 1/16. பெயரிலேயே கூட்டல் இருக்கிறது!

'முக்காலே மூணு வீசம் பேர் வந்துட்டாங்க' என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 'ஏறக்குறைய எல்லாரும்' என்பது அதன் பொருள். கணக்குப் போட்டுப் பார்த்தால் 3/4 + 3/16 = 15/16, அதாவது 0.9375. பதினாறு பங்கில் ஒரு பங்குதான் குறை. பேச்சு வழக்கில் சும்மா சொல்வதாக நாம் நினைப்பது, சரியான கணக்கிலிருந்து வந்த சொல்.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். பத்தில் ஒன்றுக்கு 'இருமா' என்ற பெயர் இருக்கிறது. நூறில் ஒன்றுக்கு? பட்டியலில் எங்கும் இல்லை. முந்திரியைக் கொண்டு அளந்தால் 1/100 என்பது 3.2 முந்திரி. சரியாகப் பொருந்தவில்லை. ஆகவே, ஒரு வெள்ளிக்கு நூறு காசு என்ற நாட்டுக்கு வந்து சேர்ந்த தமிழருக்கு, அந்த ஒரு காசைப் பழைய பின்ன வாய்பாட்டில் அடைக்க இடமே இல்லை. புதிதாக ஒரு கணக்கைக் கற்றுக்கொண்டாக வேண்டும்.

2. தசமம் எங்கே பிறந்தது?

ஒன்று முதல் ஒன்பது வரையும் சுழியமும் கொண்டு, இடத்தைப் பொறுத்து மதிப்பு மாறும் எண்முறை இந்தியாவில் உருவாகி, அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. முழு எண்களுக்கு இருந்த இந்த இடமதிப்பைப் பின்னங்களுக்கும் நீட்டினால் தசமம். சொல்வதற்கு எளிது. ஆனால் இந்த ஒரு படியை எடுத்து வைக்க உலகம் பல நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டது.

10ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் நகரில் அல்-உக்லிதிசி என்ற அறிஞர் தம் கணித நூலில் தசமப் பின்னங்களைப் பயன்படுத்தினார். 1427இல் சமர்கந்து நகரில் அல்-காஷி தசமப் பின்னங்களைக் கொண்டு கணக்கிடும் முறைகளை விரிவாக விளக்கினார். ஐரோப்பாவில் இதைச் சாதாரண மக்களிடம் கொண்டுபோனவர் சைமன் ஸ்டெவின். 1585இல் அவர் வெளியிட்ட சிறு நூலின் தலைப்புக்குப் 'பத்திலொன்று' என்பது பொருள். அந்நூலை அவர் கணித மேதைகளுக்காக மட்டும் எழுதவில்லை. வானியலார், நிலம் அளப்போர், துணி அளப்போர், நாணயச் சாலையினர், வணிகர்கள் ஆகியோருக்காக எழுதினார். எடை, அளவை, நாணயம் எல்லாமே பத்துப் பத்தாகப் பிரிய வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். ஸ்டெவின் புள்ளி வைக்கவில்லை; ஒவ்வோர் இலக்கத்தின் அருகிலும் வட்டத்துக்குள் ஓர் எண்ணை எழுதினார். பின்னர் ஜான் நேப்பியர் போன்றோரின் நூல்கள் வழியாகப் புள்ளி பரவியது.

நாணயங்கள் மெதுவாகத்தான் மாறின. ரஷ்யா 1704இல் ஒரு ரூபிளை 100 கோபெக்காக வகுத்தது. அமெரிக்கா 1792இல் டாலரையும் சென்டையும் சட்டமாக்கியது. பிரான்சு 1795இல் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது. ஆனால் உலகின் பெரும்பகுதியை ஆண்ட பிரிட்டனோ 1971 பிப்ரவரி 15 வரை ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்றே கணக்குப் பார்த்தது.

3. மலாயாவில் வெள்ளியும் காசும்

பிரிட்டனுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, அது ஆண்ட மலாயாவில் தசம நாணயம் வந்துவிட்டது. இதற்குக் காரணம் ஆட்சியாளர்கள் அல்லர், வணிகர்கள்.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் நீரிணைக் குடியேற்றங்களாக இருந்தபோது, அவை இந்தியாவிலிருந்து ஆளப்பட்டன. அரசாங்கக் கணக்கு ரூபாய், அணா, பைசாவில். துறைமுக வணிகமோ ஸ்பானிய வெள்ளி நாணயத்தில். அந்த நாணயம் வெள்ளியால் ஆனது. நாமும் இன்றுவரை ரிங்கிட்டையும் டாலரையும் 'வெள்ளி' என்றுதானே அழைக்கிறோம்! அந்த வெள்ளியை நூறாகப் பிரிக்க, கிழக்கிந்தியக் கம்பெனி 1845ஆம் ஆண்டு பொறித்த செப்புக் காசுகளை அடித்தது. ஒரு காசு, அரைக் காசு, கால் காசு என மூன்று வகை. கால் காசு என்பது ஒரு வெள்ளியின் நானூறில் ஒரு பங்கு, அதாவது 0.0025 வெள்ளி.

1855இல் இந்திய அரசு ரூபாயையும் அதன் செப்புச் சில்லறையையும் இங்கே சட்டப்படி செல்லும் பணமாக்க முற்பட்டது. சிங்கப்பூர் வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நூறு காசாகப் பிரியும் வெள்ளியில் கணக்குப் பழகியவர்களை 16 அணா, 192 பை என்ற கணக்குக்கு இழுத்தால் யார்தான் ஒத்துக்கொள்வார்கள்? இந்தியாவின் ஆட்சியிலிருந்து விடுபட வேண்டும் என்ற அவர்களுடைய கோரிக்கைக்கு வலுச்சேர்த்த காரணங்களில் இந்த நாணயச் சிக்கலும் ஒன்று. 1867 ஏப்ரல் 1ஆம் நாள் நீரிணைக் குடியேற்றங்கள் லண்டனின் நேரடி ஆட்சிக்கு மாறின. ரூபாய் விலகியது, வெள்ளியும் காசும் நிலைத்தன.

இதே காலத்தில் இலங்கையும் ரூபாயை வைத்துக்கொண்டே 1872இல் அதை நூறு சதமாக வகுத்தது. ஆக, தமிழர் வாழ்ந்த மூன்று நாடுகளில் மலாயாவும் இலங்கையும் 19ஆம் நூற்றாண்டிலேயே தசம நாணயத்துக்கு வந்துவிட்டன. தமிழகத்துக்கு 1957 வரை அணாதான்.

4. இரண்டு கணக்கு ஏடுகள்: தோட்டத் தொழிலாளியின் கூலி

இப்போது தசமம் ஏட்டுக் கணக்காக இல்லாமல், வயிற்றுக் கணக்காக மாறிய இடத்துக்கு வருவோம்.

தோட்டத்துக்கு வந்த தமிழ்த் தொழிலாளி காசில் கூலி வாங்கினார். ஊரில் இருந்த குடும்பமோ அணாவில் அரிசி வாங்கியது. அங்கே பழைய வாய்பாடு அப்படியே பொருந்தும்: கால் ரூபாய் நாலணா, அரைக்கால் ரூபாய் இரண்டணா, வீசம் ரூபாய் ஓரணா. இங்கே சம்பாதித்த காசு அங்கே எத்தனை அணா ஆகும் என்பது ஒவ்வொரு மாதமும் எழுந்த கேள்வி.

1906இல் மலாயா வெள்ளியின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 28 பென்ஸ் என நிலைநிறுத்தப்பட்டது. அந்நாளில் இந்திய ரூபாயின் மதிப்பு 16 பென்ஸ். எனவே

1 வெள்ளி = 28 ÷ 16 = 1.75 ரூபாய்.

'ஒன்னேமுக்கால் ரூபாய்' என்று வாயால் சொல்லிவிடலாம். ஐம்பது காசு என்றால் 0.5 × 1.75 = 0.875 ரூபாய். 0.875 × 16 = 14. சரியாகப் பதினாலு அணா. பழைய பின்ன வாய்பாடும் புதிய தசமமும் அழகாக ஒத்துப்போன காலம் அது.

முதல் உலகப் போர்க் காலத்திலும் அதன் பின்னும் ரூபாயின் மதிப்பு ஏறி இறங்கியது. 1927இல் இந்திய அரசு ரூபாயை 18 பென்ஸாக நிர்ணயித்தது. மலாயா வெள்ளி அதே 28 பென்ஸ். இப்போது

1 வெள்ளி = 28 ÷ 18 = 1.5555… ரூபாய்.

வகுத்துக்கொண்டே போனாலும் 5 முடியாது. இதைச் சுழல் தசமம் என்கிறோம். ஐம்பது காசு இப்போது 0.7777… ரூபாய், அதாவது 12 அணா 5⅓ பை. 1906இன் பதினாலு அணாவோடு ஒப்பிட்டால் ஒன்றரை அணாவுக்கு மேல் குறைவு. பத்து வெள்ளி அனுப்பினால், அனுப்பும் கட்டணத்தைச் சேர்க்காமலே, 17 ரூபாய் 8 அணாவாக இருந்தது 15 ரூபாய் 8 அணா 10⅔ பையாகிறது. ஏறக்குறைய இரண்டு ரூபாய் காணாமல் போகிறது. தோட்டத்தில் கூலி ஒரு காசுகூடக் குறையவில்லை. இருந்தாலும் ஊரில் குடும்பத்தின் கையில் பணம் குறைந்தது.

அடுத்து வந்தது உலகப் பொருளாதார மந்தம். 1920களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் நிர்ணயிக்கப்பட்ட நாள்கூலி, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் இது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. இந்த நான்கு எண்களையும் கரும்பலகையில் எழுதி, மாணவர்களையே உறவைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்:

பெண்ணின் கூலி, ஆணின் கூலியில் 40 ÷ 50 = 0.8 பங்கு.
ஆணின் புதிய கூலி, பழைய கூலியில் 40 ÷ 50 = 0.8 பங்கு.
பெண்ணின் புதிய கூலி, பழைய கூலியில் 32 ÷ 40 = 0.8 பங்கு.

எல்லாம் 0.8தானே, சமமாகத்தான் வெட்டியிருக்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் மந்தத்துக்கு முன் ஓர் ஆண் வாங்கிய 50 காசோடு மந்தத்துக்குப் பின் ஒரு பெண் வாங்கிய 32 காசை ஒப்பிடுங்கள். 32 ÷ 50 = 0.64. அதாவது 0.8 × 0.8. ஏற்கெனவே இருபது விழுக்காடு குறைவாக வாங்கியவரிடம் இன்னும் இருபது விழுக்காடு குறைத்தால் மொத்தக் குறைவு நாற்பது விழுக்காடு அன்று, முப்பத்தாறு விழுக்காடு. தேர்வில் அடிக்கடி வரும் 'அடுத்தடுத்த விழுக்காடு' கேள்வி இதுதான். நம் பாட்டிமாருக்கு இது வினாத்தாளில் வரவில்லை, சம்பள நாளில் வந்தது.

5. 1957: ஓரணாவுக்கு ஆறு பைசாவா, ஆறேகாலா?

1957 ஏப்ரல் 1ஆம் நாள் இந்தியா தசம நாணயத்துக்கு மாறியது. ஒரு ரூபாய்க்கு 100 புதிய பைசா. மலாயா விடுதலை பெற்றதும் இதே ஆண்டில்தான் என்பதால் மாணவர்கள் எளிதில் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ரூபாயும் மாறவில்லை, அதன் மதிப்பும் மாறவில்லை. சிக்கல் சில்லறையில்தான். 100 ÷ 16 = 6.25. ஓரணாவுக்கு ஆறேகால் பைசா கொடுக்க முடியாதே! எனவே அரசு ஒரு மாற்றுப் பட்டியல் தந்தது: ஓரணாவுக்கு 6 பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. சரியான மதிப்புகள் 6.25, 12.5, 18.75, 25. நாலணாவில்தான் கணக்கு நேராகிறது.

இதன் விளைவைப் பாருங்கள். ஓரணாவை ஒவ்வொன்றாக மாற்றினால் பதினாறு முறையும் 6 பைசா, மொத்தம் 96 பைசா. மொத்தமாகப் பதினாறு அணாவையும் மாற்றினால் ஒரு ரூபாய், 100 பைசா. நாலு பைசா நட்டம். சில்லறையில் புழங்குபவர் யார்? தினமும் ஓரணாவுக்கும் இரண்டணாவுக்கும் பொருள் வாங்கி விற்பவர்கள்தான். கிட்டிய மதிப்புக்கு மாற்றுவதை ஒவ்வொரு படியிலும் செய்யக்கூடாது, கடைசியில் ஒரே ஒரு முறைதான் செய்ய வேண்டும் என்று வகுப்பில் நாம் சொல்லிக்கொடுக்கும் விதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

6. 1967: 85 காசாகிப்போன ஒரு வெள்ளி

1967 ஜூன் 12ஆம் நாள் மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்றும் தத்தம் நாணயங்களை வெளியிட்டன. பழைய 'மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ' நோட்டுகளும் கூடவே புழங்கின. புதியதும் பழையதும் சம மதிப்பு. மக்கள் இரண்டையும் ஒன்றாகவே வைத்திருந்தார்கள்.

அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டன் தன் பவுனின் மதிப்பைக் குறைத்தது. 2.80 அமெரிக்க டாலராக இருந்த பவுன் 2.40 டாலரானது. 2.40 ÷ 2.80 = 6/7 = 0.857142… புதிய மலேசிய வெள்ளி இறங்கவில்லை. பழைய நோட்டோ பவுனோடு கட்டப்பட்டிருந்ததால் அதுவும் சேர்ந்து இறங்கியது. ஒரு பழைய வெள்ளிக்கு இனி 85 காசுதான் என அறிவிக்கப்பட்டது.

மாற்றாமல் வீட்டில் பழைய நோட்டாகவே சேமித்து வைத்திருந்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். வங்கிக்குப் போய்ப் பழகாத ஏழை எளிய மக்கள்தான் அதிகம். நூறு வெள்ளி வைத்திருந்தவருக்கு 85 வெள்ளி ஆனது. 6/7 என்ற பின்னத்தை அப்படியே பெருக்கினால் 85 வெள்ளி 71 காசு வர வேண்டும். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இடத்தோடு நின்றுவிட்டதால், நூறு வெள்ளியில் அந்த 71 காசும் இல்லாமல் போனது. மக்கள் கொதித்தார்கள். நவம்பர் 24ஆம் நாள் பினாங்கில் கடையடைப்பு நடந்தது. அது கலவரமாக மாறி உயிர்ச் சேதமும் ஏற்பட்டது. 'பினாங்கு ஹர்த்தால்' என்று வரலாற்றில் நிற்கும் நிகழ்வு இதுவே.

7. காத்தியிலிருந்து கிலோவுக்கு

பணம் இப்படித் தசமத்தில் ஓடிக்கொண்டிருந்த நூறாண்டுகளிலும், சந்தையில் எடை வேறு கணக்கில்தான் இருந்தது. 16 தஹில் ஒரு காத்தி, 100 காத்தி ஒரு பிக்குல். ஒரு காத்தி என்பது ஏறக்குறைய 604.8 கிராம், அதாவது 0.6048 கிலோ.

பதினாறு என்பதால் நம்மவர்களுக்கு இது பழகிய கணக்கு. கால் காத்தி நாலு தஹில், அரைக்கால் காத்தி ரெண்டு தஹில். வீசம் காத்திதான் ஒரு தஹில். ஊரில் ரூபாய்க்குப் பதினாறு அணா, இங்கே காத்திக்குப் பதினாறு தஹில்! சீனக் கடைக்காரரின் மணிச்சட்டத்திலும் ஒரு கம்பியில் மேலே இரண்டு, கீழே ஐந்து மணிகள் இருக்கும். மேல்மணி ஒவ்வொன்றும் ஐந்து. ஆக ஒரே கம்பியில் 15 வரை காட்டலாம். பதினாறு தஹில் கணக்குக்கு அது வசதி.

தொல்லை எங்கே வந்தது என்றால், விலை நூறில், எடை பதினாறில் இருந்ததால். காத்தி ஐம்பது காசு என்றால் ஒரு தஹில் 50 ÷ 16 = 3.125 காசு. இப்படிப் பொருந்தாத சில்லறையைக் கடைக்காரர் எந்தப் பக்கம் தள்ளுவார் என்பது அவரவர் மனசாட்சி.

மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் மெட்ரிக் முறைக்கு வழி வகுத்தது. சிங்கப்பூரிலும் 1970களில் இதே மாற்றம் நடந்தது. இங்கேதான் இல்லத்தரசிகளின் தசம அறிவு சோதிக்கப்பட்டது. காத்தி 3 வெள்ளிக்கு விற்ற மீன் கிலோ என்ன விலைக்கு விற்க வேண்டும்?

3 ÷ 0.6048 = 4.96 வெள்ளி.

'ஒரு கிலோன்னா ரெண்டு காத்தி, ஆறு வெள்ளி கொடும்மா' என்று ஒருவர் கேட்டால், அது கிலோவுக்கு ஒரு வெள்ளிக்கு மேல் கூடுதல். ஒரு கிலோ 1.65 காத்திதான், இரண்டு காத்தி அன்று. இதைத் தெரிந்தவர் பேரம் பேசினார், தெரியாதவர் கேட்டதைக் கொடுத்தார்.

இன்றும் சந்தையில் 'அரை கிலோ', 'கால் கிலோ' என்றுதான் கேட்கிறோம். தராசுத் திரையில் 0.500, 0.250 என்று தெரிகிறது. எண்சுவடியும் ஸ்டெவினும் ஒரே மேசையில் சந்திக்கிறார்கள்.

8. ஒரு சென் மறைந்த பிறகு

1975இல் மலேசிய நாணயத்தின் பெயர் அதிகாரப்பூர்வமாக ரிங்கிட், சென் ஆனது. 2008 ஏப்ரல் 1ஆம் நாள் முதல், ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகையைக் கிட்டிய 5 சென்னுக்கு மாற்றும் முறை நடைமுறைக்கு வந்தது. கடைசி இலக்கம்

1, 2 என்றால் 0 ஆகும்.
3, 4 என்றால் 5 ஆகும்.
6, 7 என்றால் 5 ஆகும்.
8, 9 என்றால் 10 ஆகும்.

ரிம 12.42 என்றால் ரிம 12.40. ரிம 12.43 என்றால் ரிம 12.45. மறக்கக்கூடாத விதி: மொத்தத் தொகையைத்தான் மாற்ற வேண்டும், ஒவ்வொரு பொருளின் விலையையும் அன்று. 98 சென் விலையுள்ள ஐந்து பொருள் வாங்கினால் மொத்தம் ரிம 4.90. ஒவ்வொன்றையும் ஒரு ரிங்கிட்டாக்கிக் கூட்டினால் ரிம 5.00. பத்து சென் வேறுபாடு. 1957இல் ஓரணாவுக்கு நடந்த அதே கதை.

1845இல் கால் காசு வரை அடித்தார்கள். இன்று கையில் புழங்கும் மிகச் சிறிய நாணயம் 5 சென், எண்ணளவில் அதைப்போல் இருபது மடங்கு. நாணயம் பெரிதாகிக்கொண்டே போக, கணக்கிலுள்ள தசம இடங்களோ கூடிக்கொண்டே போகின்றன. பெட்ரோல் லிட்டர் ரிம 2.05 என்றிருந்தபோது 20 ரிங்கிட்டுக்கு 20 ÷ 2.05 = 9.756 லிட்டர். கையில் காசாக இல்லாத எண்கள் திரையில் ஓடுகின்றன.

9. வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

முதலாவது, வாசிப்பு. 'ரெண்டு பாய்ண்ட் முப்பத்தஞ்சு' என்று சொல்லும் பழக்கம்தான் 3.12ஐ 3.5ஐவிடப் பெரிதாக்குகிறது. 'இரண்டு தசமம் மூன்று ஐந்து' என்று ஒவ்வோர் இலக்கமாக வாசிக்கப் பழக்குங்கள்.

இரண்டாவது, பணத்தை ஏணியாகப் பயன்படுத்துங்கள். 3.5ஐ 3.50 என்று எழுதி 'மூணு வெள்ளி அம்பது காசு' ஆக்கிக் காட்டுங்கள். ஆனால் ஏணியிலேயே நின்றுவிட வேண்டாம். பணத்தில் இரண்டு தசம இடம்தான் உண்டு; 0.125 போன்ற எண்ணுக்கு எடையைக் காட்டுங்கள். அரைக்கால் கிலோ 125 கிராம் என்றால் பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

மூன்றாவது, இந்தப் பயிற்சிகளைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்:

அ) 'ரெண்டேமுக்காலே அரைக்கால்' என்பதைத் தசமத்தில் எழுதுக.
ஆ) இரண்டரைக் காத்தி ஆட்டிறைச்சி எத்தனை கிலோ?
இ) ரிம 3.49, ரிம 7.95, ரிம 1.38 விலையுள்ள மூன்று பொருள்களுக்கு ரொக்கமாக எவ்வளவு செலுத்த வேண்டும்? ஒவ்வொரு விலையையும் தனித்தனியே கிட்டிய 5 சென்னுக்கு மாற்றிக் கூட்டினால் எவ்வளவு வரும்?
ஈ) ஒரு தொழிலாளி 1928இல் 20 வெள்ளியை ஊருக்கு அனுப்புகிறார். கட்டணம் எதுவும் இல்லையென்றால் குடும்பத்துக்கு எத்தனை ரூபாய் கிடைக்கும்? 1 வெள்ளி = 1.75 ரூபாயாக இருந்திருந்தால் எவ்வளவு கூடுதலாகக் கிடைத்திருக்கும்?

விடைகள்: அ) 2.875. ஆ) 1.512 கிலோ. இ) மொத்தம் ரிம 12.82, எனவே ரிம 12.80; தனித்தனியே மாற்றினால் ரிம 12.85. ஈ) 31.11 ரூபாய்; 3.89 ரூபாய் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

நினைவில் வைக்க வேண்டிய ஆண்டுகள்:

1585 – ஸ்டெவினின் நூல்
1845 – கம்பெனியின் செப்புக் காசு
1867 – நீரிணைக் குடியேற்றங்களில் ரூபாய் விலகி வெள்ளி நிலைத்தது
1872 – இலங்கையில் தசம ரூபாய்
1906 – வெள்ளியின் மதிப்பு 28 பென்ஸ்
1957 – இந்தியாவில் புதிய பைசா
1967 – பழைய வெள்ளி 85 காசானது
1972 – மலேசிய எடை அளவைச் சட்டம்
2008 – கிட்டிய 5 சென் முறை

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காத்தியும் தஹிலும் கைப்பழக்கமாக இருந்த பெரியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். 'கிலோ வந்தப்போ எப்படிக் கணக்குப் பாத்தீங்க?' என்று அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் விலைகளையும் எடைகளையும் குறித்துக்கொண்டு தசமத்தில் மாற்றிப் பாருங்கள். எழுதி வைக்கப்படாத அந்தக் கணக்குகளை வகுப்புக்குக் கொண்டுவந்தால், ஆசிரியருக்கும் அது புதுப் பாடமாக இருக்கும்.